தமிழில் மறதிநோய் அறிதிறன் சோதனைகள்

மறதிநோய் அறிதிறன் சோதனை என்பது முதியவர் ஒருவரின் நினைவு, கவனம், மொழித்திறன், காலமும் இடமும் பற்றிய தெளிவு ஆகியவற்றைச் சில நிமிடங்களில் அளவிடும் வினாத்தொகுப்பு ஆகும். இது நோயை உறுதி செய்வதில்லை. விரிவான மருத்துவ ஆய்வு யாருக்குத் தேவை என்பதை மட்டும் காட்டுகிறது. ஒரு மொழியில் உருவான சோதனையை வேறொரு மக்களிடம் பயன்படுத்துமுன் அதனைத் தகவமைக்கவும், அம்மக்களிடமே சரிபார்க்கவும் வேண்டும்.

மொழிபெயர்ப்பு ஏன் போதாது

1975இல் அமெரிக்காவில் வெளியான சிறு மனநிலைச் சோதனை (எம்.எம்.எஸ்.இ.) 30 மதிப்பெண்கள் கொண்டது. 24க்குக் கீழ் பெறுபவருக்கு அறிதிறன் குறைபாடு இருக்கலாம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இதில் 100இலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு 5, ஒரு வரியைப் படித்து அதன்படி செய்வதற்கு 1, ஒரு வாக்கியம் எழுதுவதற்கு 1, படம் வரைவதற்கு 1 என 8 மதிப்பெண்கள் பள்ளிப் பயிற்சியைச் சார்ந்தவை. பள்ளிக்குச் செல்லாத, முழு நலமுடைய மூதாட்டி ஒருவர் மற்ற எல்லாவற்றிற்கும் சரியாக விடையளித்தாலும் 22 மட்டுமே பெறக்கூடும். இங்கு சோதனை அளப்பது நோயை அன்று, கல்வியின்மையை. மாறாக, நன்கு படித்த ஒருவர் நோயின் தொடக்கத்திலும் 24ஐத் தாண்டிவிடலாம்.

கழித்தலுக்கு மாற்றாக ஆங்கிலச் சொல் ஒன்றைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வதும் உண்டு. தமிழின் உயிர்மெய் எழுத்துமுறையில் இப்பணியின் கடினம் வேறாகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது பொருளற்றது. மேலும் எழுத்துத் தமிழில் கேட்கப்படும் வினா பேச்சுத் தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு விளங்காமல் போகலாம். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் அரபு மொழியிலும் இதே சிக்கல் உள்ளது.

இந்திய முயற்சிகள்

அரியானாவின் வல்லப்கர் பகுதிக் கிராமங்களுக்காக மேரி கங்குலி குழுவினர் உருவாக்கிய இந்தி மனநிலைச் சோதனை 1995இல் வெளியானது. அதில் எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுமாறு முதியவர் கேட்கப்படுகிறார்.

1998இல் தொடங்கிய 10/66 ஆய்வுக்குழு சென்னையிலும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி வழியாக அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் ஆய்வு நடத்தியது. அது முதியவரை மட்டுமன்றி அவரை அறிந்த உறவினரையும் வினவும் முறையைப் பயன்படுத்தியது. 2008இல் வெளியான முடிவுகளின்படி, டி.எஸ்.எம்-4 வரையறையில் கிராமப்புற இந்தியாவில் 65 வயதைக் கடந்தோரிடம் மறதிநோய் 0.3% மட்டுமே, 10/66 முறையில் அது பல மடங்கு அதிகம். மறதியை முதுமையின் இயல்பாகக் கருதும் உறவினர் அதனைக் குறையாகச் சொல்லாமை இதற்கு ஒரு காரணம் எனலாம். ஆக, பிழை இரு திசையிலும் நேரக்கூடியது. சுகாதாரப் பணியாளர்கள் பயன்படுத்தத்தக்க சுருக்கமான சோதனை ஒன்றும் பின்னர் வேலூரில் உருவாக்கப்பட்டது.

சேலம், நாமக்கல் சமவெளி

தமிழில் சரிபார்த்த சோதனையும் எல்லா ஊர்களுக்கும் அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. "இது எந்த மாவட்டம்?" என்பது இடத்தெளிவு வினா. நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997இல்தான். இராசிபுரத்து முதியவர் "சேலம்" என்று சொன்னால் அது நோயின் அறிகுறியா, நெடுநாள் பழக்கமா என்பதை வினவுபவர் பிரித்தறிய வேண்டும். மாதத்தைக் கேட்டால் "ஆடி" என்பதும் சரியான விடையே. விடைத்தாளில் ஆங்கில மாதம் மட்டும் இருப்பின் மதிப்பெண் இழக்கப்படும். சேலத்து நெசவாளர் குடும்பங்கள் பலவற்றில் சௌராட்டிரமோ கன்னடமோ தெலுங்கோ வீட்டுமொழி. அவர்களுக்குத் தமிழ்ச் சோதனையே இரண்டாம் மொழிச் சோதனையாகிறது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 73%, நாமக்கல்லில் சுமார் 75%. மாநில அளவு சுமார் 80%. முதியோரிடம், குறிப்பாக முதிய பெண்களிடம், இது இன்னும் குறைவு.

வெட்டுப்புள்ளியின் விளைவு

2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4% பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, மறதிநோய் உள்ளதாக மதிப்பிட்டது. இவ்விகிதப்படி 1000 முதியவர்களில் 74 பேர் நோயுற்றோர். நோயுற்றோரில் 90% பேரையும் நலமுடையோரில் 80% பேரையும் சரியாக இனங்காணும் சோதனை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டால், 67 நோயாளிகள் கண்டறியப்படுவர். உடன் நலமுடைய 185 பேரும் ஐயத்திற்கு உள்ளாவர். வெட்டுப்புள்ளி உள்ளூர் மக்களிடம் சரிபார்க்கப்படாவிடில் இவ்வெண்ணிக்கை மேலும் உயரும்.

இன்றைய நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிதிறன் சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய 5 மொழிகளில் தரப்படுத்தப்பட்டது. தமிழ் அவற்றுள் இல்லை. 2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் வழியே தமிழகத்தில் பணியாளர்கள் முதியோரின் வீடுகளுக்கே செல்கின்றனர். வினவுவதற்கு ஆள் உண்டு. எழுத்தறியாதவருக்கும் நீதி செய்யும், அந்தந்த வட்டாரத்தில் சரிபார்த்த வினாத்தாளே தேவையாகிறது.