மெட்டு இருக்க மௌனம் ஏன்?

பொங்கல் விழா வந்தால் நம் சங்க மேடையில் திரைப்பாடல்களே ஒலிக்கின்றன. நம்மிடையே பாட்டெழுத வல்லார் இல்லையா? இருக்கின்றனர். முதலடி வரவில்லையென்று தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, "கருவிலே திரு வேண்டும்" என்று ஒதுங்கிவிடுகின்றனர்.

பாரதியாரைவிடக் கருவிலே திருவுடையார் யார்? அவரே, 1908-இல் வ. உ. சி.யோடு மோதிய கலெக்டர் விஞ்சைப் பற்றிப் பாட, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்திலிருந்து ஒரு மெட்டை எடுத்துக்கொண்டார். மெட்டு ஊரறிந்தது; சொல் புதிது. கேட்டவர் சேர்ந்து பாட வேறென்ன வேண்டும்?

தெரிந்த மெட்டு நல்ல கைப்பிடி. எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்று அதுவே சொல்லிவிடும். பல்லவி வரவில்லையா? சரணத்தில் தொடங்குங்கள். சொல் கிட்டவில்லையா? 'தனதன' என்று தத்தகாரம் போட்டு நிரப்புங்கள். சொல் பின்னே வரும்.

பொருளுக்கும் பஞ்சமில்லை. விடுதிச் சாம்பார், மொழி புரியாத கடைத்தெரு, ஊருக்குப் போகும் இரயில் - இவற்றைச் சென்னையிலிருந்து எவர் நமக்காக எழுதித் தருவார்?

தோழர்களே! அடுத்த பொங்கலுக்கு ஆளுக்கொரு சரணம் கொண்டு வாருங்கள். குறையிருந்தால் கூடித் திருத்துவோம். எழுதாத பாட்டை எவராலும் திருத்த முடியாது!