அடியில் கீறிய பெயர்

பழைய கலைக் கண்ணாடி வாங்குகிறவர்கள் பூச்சாடியைக் கையில் எடுத்ததும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். அடியில் ‘லோட்ஸ்’ என்று ஒரு கீறல் தெரிந்துவிட்டால் விலை எங்கோ போய்விடுகிறது. என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகப் பார்க்க வேண்டிய சாட்சி அந்தப் பெயர். உலையில் உருவான உடலைப் போலியாகச் செய்வது பெரும்பாடு. பெயரைக் கீறுவதற்கு வைரமுனை ஒன்றும் சில நிமிடங்களும் போதும்.

லோட்ஸ் உலை இருந்தது பொஹீமியாவின் கிளோஸ்டர்மியூலே என்ற சிற்றூரில். இன்று அது செக் குடியரசின் பகுதி. 1836இல் தொடங்கிய அந்த உலை, யோஹான் லோட்ஸ் என்பவரின் கைம்பெண் சூசன்னாவின் காலத்தில் பெயர் பெற்றது. நிறுவனத்தின் பெயரே ‘யோஹான் லோட்ஸின் விதவை’ என்றுதான் இருந்தது. 1879இல் பேரன் மாக்ஸ் ஃபோன் ஷ்பௌன் பொறுப்பேற்றார். எடுவார்ட் ப்ரோஹாஸ்கா என்ற தொழில்நுட்பத் தலைவரோடு சேர்ந்து அவர் செய்த சோதனைகளில் பிறந்ததுதான் அந்தப் புகழ்பெற்ற மினுமினுப்பு. சூடான கண்ணாடியின் மேல் உலோக உப்புகளின் ஆவி படிந்து மெல்லிய படலமாகிவிடும். திருப்பிப் பார்த்தால் மயில்கழுத்துப் பட்டைப் போல நீலம் பச்சையாகும், பச்சை பொன்னாகும். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்தக் கண்ணாடிக்கு உயரிய பரிசு கிடைத்தது.

இவ்வளவு புகழ் பெற்ற உலை தன் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் பொறிக்கவில்லை. பெயர் இருப்பவை அதிகமும் ஏற்றுமதிக்குப் போனவை. 1890இல் இயற்றிய சுங்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டுப் பொருளில் அது பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா விதித்தது. அன்று பொஹீமியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்ததால் ‘லோட்ஸ் ஆஸ்திரியா’ என்று எழுதினார்கள். 1918க்குப் பிறகு நாடு செக்கோஸ்லோவாக்கியா ஆயிற்று. ஆகவே 1920களின் பாணியில் உள்ள ஒரு ஜாடியில் ‘ஆஸ்திரியா’ என்று கண்டால் சந்தேகப்படத்தான் வேண்டும். பெயரில்லாத அசல் ஜாடிகள் ஏராளமாக இருப்பதே பிற்காலத்தில் பெயர் கீறுகிறவர்களுக்கு வசதியாகிவிட்டது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் அடிப்பாகத்தை. ஊதிய குமிழின் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிக்கொண்டுதான் கைவினைஞர் வாய்ப்பகுதியை நெருப்பில் காட்டி வளைத்து முடிப்பார். கம்பியை உடைத்து எடுத்ததும் அங்கே ஒரு வடு நிற்கும். லோட்ஸ் வேலைகளில் பெரும்பாலும் அந்த வடுவைத் தேய்த்து, வட்டமான ஆழமற்ற குழியாக மெருகேற்றியிருப்பார்கள். விளிம்பு நெருப்பிலேயே இளகி வழவழப்பாக முடிந்திருக்கும். அச்சில் ஊதி, ஆறியபின் மேல்பகுதியை வெட்டி, தட்டையாகச் சாணை பிடித்த விளிம்பு என்றால், வேறு உலையை நினைக்க வேண்டும். விரலால் ஒரு சுற்றுத் தடவினாலே தெரிந்துவிடும்.

பொஹீமியாவில் வேறு உலைகளும் இருந்தன. க்ராலிக், பால்மே-கோனிக், ரிண்ட்ஸ்கோப்ஃ எல்லாமே அதே மினுமினுப்பைச் செய்தன. அவற்றின் வேலையெல்லாம் பல பத்தாண்டுகள் ‘லோட்ஸ்’ என்றே விலை போயிற்று. நம் ஊரில் பழைய வண்ணக் கண்ணாடி எதைக் கண்டாலும் ‘பெல்ஜியம்’ என்று சொல்லிவிடுவதும் இதே பழக்கம்தான். புகழ்பெற்ற ஒரு பெயர் மற்ற உலைகளின் உழைப்பை விழுங்கிவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. க்ராலிக் உலையில் வெந்த கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

இந்தக் குழப்பத்தில் பெரிய வெளிச்சம் தந்தவை காகிதங்கள். லோட்ஸ் உலையில் ஒவ்வொரு ஜாடியின் வடிவத்துக்கும் காகிதத்தில் வெட்டிய மாதிரி இருந்தது. அதில் தயாரிப்பு எண் இருக்கும். உலை 1947இல் மூடிய பிறகும் அவற்றில் பல பிழைத்தன. 1989இல் ஹெல்முட் ரிக்கே பதிப்பித்த இரண்டு தொகுதி நூலின் இரண்டாம் தொகுதி முழுவதும் அந்த மாதிரிகளின் பட்டியல்தான். ஒரு ஜாடியின் பக்கவாட்டு உருவத்தை அந்த நூலின் பக்கங்களோடு பொருத்திப் பார்த்தால், பெயரே இல்லாத பொருளுக்கும் எண் கிடைக்கும். ஆனால் காகிதம் வடிவத்தை மட்டும்தான் சொல்லும். வடிவத்தைப் போட்டி உலைகளும் நகல் எடுக்கலாம். அதனால் அலங்காரமும் ஒத்துப்போக வேண்டும். புள்ளி புள்ளியாக எண்ணெய்த் துளி தெளித்தாற்போல் இருக்கும் ‘பப்பியோன்’, வெள்ளி கலந்த இழைகளை ஓட்டி அலையலையாக இழுத்த ‘ஃபேனோமென்’ என்று லோட்ஸ் தன் அலங்காரங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தது. வடிவம், அலங்காரம், அடி, விளிம்பு என நான்கும் ஒரே பக்கம் கை காட்டினால் மட்டுமே நான் லோட்ஸ் என்று ஒப்புக்கொள்வேன்.

புற ஊதா விளக்கைப் பற்றியும் ஒரு சொல். யுரேனியம் கலந்த கண்ணாடி அதன் கீழே பச்சையாக ஒளிரும். உடனே ‘பழசு’ என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. யுரேனியக் கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது. விளக்கு உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல்லலாம். எந்த ஆண்டு என்று சொல்லாது.

எல்லாம் பார்த்தும் பிடிபடாத ஜாடிகள் நிறைய இருக்கும். அவற்றுக்கு ‘பொஹீமியா, 1900 வாக்கில், உலை தெரியவில்லை’ என்று சீட்டு எழுதுவதே நேர்மை. ஏலப் பட்டியலில் அப்படி எழுதுகிறவர்களை நான் கூடுதலாக நம்புகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஜாடி ஒன்று உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருந்தால், தயவுசெய்து அடியில் ஒட்டியுள்ள காகிதத் துண்டைச் சுரண்டாதீர்கள். உயரத்தை அளந்து குறியுங்கள். அடியையும் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் லோட்ஸ் என்று சொன்னதும் வடிவ எண் என்ன, அலங்காரத்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் பெயருக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.