நம் ஊரை நாமே அளப்போம்

இளையரசனேந்தல் பிர்காவில் இருக்கும் என் அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கும்,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2047க்குள் இந்தியா வளர்ந்த நாடாகிவிடும் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். ஆகிவிட்டதா இல்லையா என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? நம் கிராம சபையும் கேட்க வேண்டிய கேள்வி இது.

வளர்ந்த நாடு என்று சான்று கொடுக்க உலகத்தில் தனி அலுவலகம் எதுவும் கிடையாது. உலக வங்கி வருமானத்தை மட்டும் பார்க்கிறது. நாட்டின் மொத்த வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, ஆண்டுதோறும் ஜூலையில் நாடுகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. 2024 ஜூலைக் கணக்குப்படி தலைக்கு 14,005 டாலரைத் தாண்டினால் உயர் வருமான நாடு. இந்தியா கீழ் நடுத்தர வருமானப் பிரிவில் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பிலோ ஒவ்வொரு நாடும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளலாம். இத்தனை செல்வம் உள்ள சிங்கப்பூர்கூட அங்கே வளரும் நாடு என்றே சொல்லிவந்தது.

பணம் மட்டும் போதாது என்று 1990ல் வேறோர் அளவுகோல் வந்தது. பாகிஸ்தானின் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு உருவாக்கிய மனித வளர்ச்சிக் குறியீடு அது. எத்தனை வயது வரை வாழ்கிறோம், எத்தனை ஆண்டு படிக்கிறோம், என்ன வருமானம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. 2025 அறிக்கையில் 193 நாடுகளில் இந்தியா 130வது இடம், இலங்கை 89வது. 2022ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு நம்மைவிட இவ்வளவு முன்னால் இருக்கிறதென்றால், பல தலைமுறையாக அங்கே எல்லாருக்கும் கிடைத்த இலவசக் கல்வியும் மருத்துவமும்தான் காரணம். பணம் முடங்கினாலும் படித்த படிப்பு போய்விடாது.

இந்தக் கணக்குகளில் ஏறாதவையும் உண்டு. என்னைப்போல் வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் இந்தியாவின் தேசிய வருமானத்தில் சேராது. தீப்பெட்டி ஆபீசில் மதினி வாங்கும் கூலி சேரும். வீடு திரும்பிச் சமைப்பதும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வதும் சேராது.

அதைவிடப் பெரிய குறை, சராசரி என்பது ஊரை மறைத்துவிடும். நிதி ஆயோக் 2023ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கையில் தமிழ்நாட்டின் ஏழைகள் 2.20 சதவீதம், நாட்டில் 14.96. பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் அதில் நம் ஊரைத் தேடினால் கிடைக்காது. 2019-21ல் எடுத்த குடும்ப நல ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. அந்த ஆய்வு பழைய மாவட்ட எல்லைகளை வைத்தே நடந்ததால் தென்காசி மாவட்டமே அதில் தனியாக இல்லை.

நம் பிர்காவின் சங்கடம் இன்னும் கூடுதல். சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த நம்மை, வருவாய்த் துறைக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி தாலுகாவோடு சேர்த்தார்கள். 12 ஊராட்சிகள் மட்டும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றன. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தபோது அந்த ஒன்றியம் அதற்குள் போனது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ரோட்டுக்கும் தெருவிளக்குக்கும் இன்னொரு மாவட்டம் என்று ஆன ஊரின் குறை எந்த மாவட்டத்தின் சராசரியில் தெரியும்? ஊராட்சிகளையும் கோவில்பட்டியோடு சேருங்கள் என்று நீங்கள் போராடியது நியாயமானது. எல்லை மாறினாலும் மாறாவிட்டாலும், நம் நிலைமையைச் சொல்லும் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025ல் முதன்முறையாக ஊராட்சி முன்னேற்றக் குறியீட்டை வெளியிட்டது. வறுமை, ஆரோக்கியம், குழந்தைகள், தண்ணீர் முதலான 9 தலைப்புகளில் ஊராட்சிகளுக்கு மதிப்பெண். நம் ஊராட்சிகளைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எழுதியது உண்மையா என்று தெருத்தெருவாகச் சரிபாருங்கள்.

அதோடு நமக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். கோடையில் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது? பத்தாம் வகுப்போடு நின்ற பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? இரவில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரி போய்ச்சேர எவ்வளவு நேரம்? மானாவாரிக் கரிசலில் எத்தனை ஏக்கர் தரிசாகிவிட்டது? வேலை தேடி ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? படித்த தம்பி தங்கச்சிகள் கணக்கெடுக்கட்டும். அதை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்க ஆகும் செலவை வெளியூரில் இருக்கும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த கிராம சபைக்கு அந்த நோட்டோடு போங்கள். அதில் உள்ளதைத் தீர்மானமாக்கிப் பதிவேட்டில் ஏற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் ஊர்க்காரன்