டான் குயிக்ஸாட்டின் நிஜப் பெயர் என்ன?

ஒட்டிப்போன கன்னம், நெடுநெடு உயரம், கையில் ஈட்டி, எலும்பும் தோலுமாக ஒரு குதிரை. பக்கத்தில் கழுதை மேல் குண்டாக ஒரு மனிதர். கதையைப் படிக்காதவர்கள்கூட இந்தப் படத்தைப் பார்த்ததும் ‘டான் குயிக்ஸாட்’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால், அவருடைய நிஜப் பெயர் என்ன?

1605-ல் முதல் பாகத்தை எழுதிய மிகேல் தெ செர்வாந்தஸே அதை நேராகச் சொல்லவில்லை. கிஹாதா என்கிறார்கள், கெசாதா என்கிறார்கள் என்று மழுப்புகிறார். ஊர் லா மான்ச்சாவில் இருக்கிறது, பெயர் மட்டும் நினைவுக்கு வரவேண்டாமாம்! உறுதியாகச் சொல்வது, வயது ஐம்பதை ஒட்டி, ஒடிசலான உடம்பு, வீர சாகசக் கதைகளைப் படித்துப் படித்துக் கலங்கிப்போன மூளை என்பதைத்தான்.

அந்த மனிதர் தன்னைத் தானே செய்துகொள்வதுதான் கதையின் அழகு. கொள்ளுத் தாத்தாவின் துருப்பிடித்த கவசத்தைத் தேய்த்துத் துடைக்கிறார். தலைக்கவசத்தில் முகத்தை மூடும் பகுதி இல்லை. அட்டையால் செய்து ஒட்டுகிறார். உறுதியாக இருக்கிறதா என்று வாளால் ஒரு வெட்டு... ஒரு வார உழைப்பு காலி! உள்ளே இரும்புப் பட்டை வைத்து மறுபடி செய்கிறார். இந்த முறை சோதித்துப் பார்க்கவே இல்லை. நம்மில் பலர் நம் கனவுகளை இப்படித்தானே வைத்திருக்கிறோம்?

குதிரைக்கு ‘ரொசினான்தே’ என்று பெயர் வைக்க நான்கு நாள். தனக்குப் பெயர் வைக்க எட்டு நாள். ‘சோக முகத்து வீரர்’ என்ற பட்டம் மட்டும் உதவியாளர் சான்ச்சோ கொடுத்தது. அடி வாங்கிப் பற்கள் போன முகத்தைத் தீப்பந்த வெளிச்சத்தில் பார்த்தபோது அவர் வாயில் வந்த வார்த்தை அது. கிண்டல்தான். குயிக்ஸாட்டோ அதைப் பெருமையாக எடுத்துக்கொள்கிறார். கொஞ்ச நாளில் சவரத் தொழிலாளியின் பித்தளைத் தட்டும் அவர் தலையில் மந்திரக் கவசமாக ஏறிவிடுகிறது.

1614-ல் இன்னொரு சோதனை. அவெயானேதா என்ற புனைபெயரில் யாரோ போலி இரண்டாம் பாகம் வெளியிட்டுவிட்டார். செர்வாந்தஸ் 1615-ல் தன் இரண்டாம் பாகத்தில் பதில் சொன்னார். போலிப் புத்தகத்தின் கதாபாத்திரம் ஒருவரையே குயிக்ஸாட் சந்திக்கிறார். ‘நான் முன்பு பார்த்தவர் இவர் இல்லை’ என்று ஊர்த் தலைவர் முன்னிலையில் எழுதி வாங்கிக்கொள்கிறார். ஒரு கற்பனை மனிதருக்கு அடையாளச் சான்றிதழ்!

கடைசியில் படுக்கையில் விழுந்தவருக்குப் புத்தி தெளிகிறது. ‘நான் குயிக்ஸாட் இல்லை, அலோன்சோ கிஹானோ’ என்கிறார். நாம் தேடிய பெயர் இங்கேதான் கிடைக்கிறது. ஆனால், ஏனோ மனசு சந்தோஷப்படவில்லை. சான்ச்சோவுக்கும் அப்படித்தான். ‘எழுந்திருங்கள் ஐயா, ஆடு மேய்க்கவாவது போவோம்’ என்று அழுகிறார்.

கிஹானோ என்பது பிறப்பில் வந்த பெயர். குயிக்ஸாட் என்பது எட்டு நாள் யோசித்து, அடிபட்டு, பல் உடைந்து சம்பாதித்த பெயர். நானூறு வருடங்களாக உலகம் எந்தப் பெயரைச் சொல்லி அவரை அழைக்கிறது என்பது நமக்கே தெரியும்!