நின்ற அலகுக்கு யார் பணம் கட்டுவது? அனல் மின் நிலையங்களின் தற்காலிக நிறுத்தம் குறித்து எங்கள் நிலைப்பாடு

மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலை நெல் வரத்தில்லாமல் இரண்டு மாதம் ஓடாமல் கிடந்தாலும், பெற்றிருக்கும் மின்பளுவுக்கான நிலைக்கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ ஓர் அனல் மின் அலகு, அதன் மின்சாரம் தேவையில்லை என்று நிறுத்தி வைக்கப்பட்டாலும் அதற்குரிய நிலைக்கட்டணம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஓடாத ஆலை பணம் கட்டுகிறது. ஓடாத மின் அலகு பணம் பெறுகிறது. இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே நியாயம்தான் சொல்லப்படுகிறது: தேவைப்படும்போது தயாராக இருப்பதற்கான விலை. அந்த நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அலகு உண்மையிலேயே தயாராக இருக்கிறதா, அது யார் முடிவால் நின்றது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நுகர்வோர் பார்க்கும்படி விடை கிடைத்தாக வேண்டும். சமயபுரம் வட்டாரத்தில் வீடு, கடை, சிறுதொழில், பம்புசெட் இணைப்பு வைத்திருப்போரின் சார்பில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். பொருளாதாரக் காரணத்துக்காக அனல் மின் அலகுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதை ஆதரிக்கிறோம். நிறுத்தியவர் யாரோ அவரே அதன் செலவைச் சுமக்க வேண்டும், நிறுத்திய காரணமும் திரும்பி வரும் நேரமும் பதிவாக வேண்டும் என்ற விதியோடு மட்டுமே ஆதரிக்கிறோம்.

நிறுத்தம் ஏன் தேவைப்படுகிறது என்பது தமிழ்நாட்டின் மின்தேவை ஏறி இறங்கும் விதத்திலேயே தெரியும். இங்கே சமயபுரம் தேரோட்டம் நடக்கும் சித்திரையில்தான் மாநிலத்தின் தேவை உச்சத்தைத் தொடுகிறது. 2024 மே 2-ஆம் தேதி அது 20,830 மெகாவாட்டை எட்டியது. அடுத்த சில வாரங்களில் காற்றுப் பருவம் தொடங்கிவிடும். ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று வீசும்போது, எரிபொருள் செலவே இல்லாத மின்சாரம் வெள்ளமாக வருகிறது. பகலில் சூரிய மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. அப்போது நிலக்கரி அலகுகள் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்குவதற்கு இரண்டே வழிகள்தான்: எல்லா அலகுகளையும் குறைந்த பளுவில் ஓட்டுவது, அல்லது சிலவற்றை முழுதாக நிறுத்திவிட்டு மற்றவற்றை நல்ல பளுவில் ஓட்டுவது.

எது மலிவு என்பதற்கு ஓரளவு கணக்கே விடை சொல்லும். மேட்டூரில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு இருக்கின்றன. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் மத்திய நிலையங்களுக்கு வகுத்த குறைந்தபட்ச அளவான 55 விழுக்காட்டில் நான்கையும் ஓட்டினால் 462 மெகாவாட் கிடைக்கும். ஒன்றை நிறுத்திவிட்டு மூன்றை 73 விழுக்காட்டில் ஓட்டினாலும் அதே 462 மெகாவாட்தான். ஆனால் அலகு குறைந்த பளுவில் ஓடும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதலாக நிலக்கரி எரிகிறது. அதே ஆணையத்தின் ஈட்டுக் கணக்கு, இவ்வகை அலகுக்கு முதல் நிலையில் 6 விழுக்காடு, இரண்டாம் நிலையில் 4 விழுக்காடு கூடுதல் வெப்பத்தை ஏற்கிறது. ஒரு யூனிட்டுக்கு 2,500 கிலோகலோரி, நிலக்கரியில் கிலோவுக்கு 3,500 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால், இந்த 2 விழுக்காட்டு வித்தியாசத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 158 டன் நிலக்கரி மிச்சமாகும். டன் 5,000 ரூபாய் என்றால் சுமார் 8 லட்சம் ரூபாய். நிறுத்திய அலகை மீண்டும் ஏற்ற எண்ணெய் வேண்டுமே என்று கேட்கலாம். மூன்று நாளுக்கு மேல் ஆறிக் கிடந்த 210 மெகாவாட் அலகைத் தொடங்க 50 ஆயிரம் லிட்டர் எண்ணெயை ஆணையத்தின் கணக்கு அனுமதிக்கிறது. லிட்டர் 60 ரூபாய் என்றால் 30 லட்சம். ஆக, நான்கு நாளுக்கு மேல் நிறுத்தினால்தான் நிறுத்தம் லாபம். ஓர் இரவு மட்டும் நிறுத்திக் காலையில் ஏற்றினால், சூடு ஆறாத அலகுக்கே 20 ஆயிரம் லிட்டர், அதாவது 12 லட்சம் ரூபாய் செலவாகும். மிச்சமோ 3 லட்சத்தைத் தொடாது. விலைகள் மாறலாம், கணக்கின் போக்கு மாறாது. காற்றுப் பருவத்தில் வாரக்கணக்கில் நிறுத்துவது அறிவுடைமை, அன்றாடம் நிறுத்தி ஏற்றுவது காசைக் கரியாக்குவது.

பணத்தோடு இது முடிவதில்லை. தூத்துக்குடியின் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது; மேட்டூரின் முதல் அலகு 1987-இல். கொதிகலனின் தடித்த உலோகச் சுவர்கள் ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறும்போது ஆயுளில் கொஞ்சத்தை இழக்கின்றன. குழாய்க் கசிவு அதன் பிறகு வருவது. 1965-இலிருந்து கொதிகலன் செய்யும் பெல் தொழிற்சாலையும் அதைச் சார்ந்த சிறு பட்டறைகளும் இருக்கும் திருச்சியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை முறை நிறுத்தி ஏற்றலாம் என்பதற்கு ஒவ்வொரு அலகின் வயதையும் நிலையையும் பார்த்து ஆண்டு உச்சவரம்பு வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். மத்திய விதியில் ஆண்டுக்கு ஏழு தொடக்கங்கள் வரை இயல்பான செலவில் அடக்கம், அதற்கு மேல் உற்பத்தியாளரின் தவறு இல்லாமல் வருபவற்றுக்குத்தான் கூடுதல் எண்ணெய்ச் செலவு தரப்படும் என்று ஒரு கோடு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. மாநில நிலையங்களுக்கும் அப்படியொரு கோடு தெளிவாக இருக்க வேண்டும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறோம். மேற்சொன்ன எரிபொருள் மிச்சமெல்லாம் நிலைக்கட்டணத்துக்கு முன் சிறியவை. யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் நிலைக்கட்டணம் உள்ள ஒரு 210 மெகாவாட் அலகு, 85 விழுக்காடு தயார்நிலை கணக்கில், நின்றபடியே நாளுக்கு 64 லட்சம் ரூபாய் ஈட்டும். கடனும் வட்டியும் சம்பளமும் அதில் அடக்கம் என்பதால், வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினால் இதைக் கொடுப்பதுதான் முறை. பேசின் பிரிட்ஜ், சாமல்பட்டி, சமயநல்லூர் என எண்ணெயில் ஓடிய தனியார் நிலையங்களோடு பழைய மின்வாரியம் செய்த நீண்டகால ஒப்பந்தங்களின் அமைப்பே இதுவாகத்தான் இருந்தது: எரிபொருள் செலவு அதிகம் என்பதால் வாங்கும் வரிசையில் அவை கடைசியில் நின்றன; வாங்காத நேரத்துக்கும் தயார்நிலைக்கான கட்டணம் இருந்தது. கசப்பாக இருந்தாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் உற்பத்தியாளரே தனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தினால்? அது தயார்நிலை ஆகாது. 2021-இன் பிற்பகுதியிலும் 2022-இலும் வெளிநாட்டு நிலக்கரி விலை ஏறியபோது, அதை நம்பிக் கட்டிய கடற்கரை நிலையங்கள் நாட்டின் பல இடங்களில் உற்பத்தியைக் குறைத்தன, சில நிறுத்தின. கோடைத் தேவை ஏறிக்கொண்டிருந்த 2022 மே 5-ஆம் தேதி, மத்திய மின் அமைச்சகம் மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைக் கையில் எடுத்து அவற்றை முழுத் திறனில் ஓட்ட உத்தரவிட வேண்டி வந்தது. பின்வந்த ஆண்டுகளிலும் அத்தகைய உத்தரவுகள் தொடர்ந்தன. அசாதாரணச் சூழலுக்கென்று வைத்த பிரிவு ஆண்டுதோறும் தேவைப்படுகிறது என்றால், சாதாரணச் சூழலுக்கு விதி போதவில்லை என்றுதான் பொருள். எரிபொருள் விலை ஏறியது மட்டுமே ஒப்பந்தக் கடமையிலிருந்து விடுவிக்காது என்பதை உச்ச நீதிமன்றம் இந்தோனேசிய நிலக்கரி வழக்கில் 2017 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மின்கட்டமைப்பு விதித்தொகுப்பு இந்த வேறுபாட்டைப் பாதி ஏற்றிருக்கிறது. போதிய கொள்முதல் இல்லாமல் ஒரு நிலையம் தானே விரும்பி அலகை நிறுத்தினால், அதற்கு முன் மின்சாரம் கேட்டவர்களுக்குச் சந்தையில் வாங்கியோ தன் வேறு நிலையத்திலிருந்தோ கொடுத்தாக வேண்டும் என்கிறது. நல்ல விதி. இது மாநிலங்களுக்கு இடையே மின்சாரம் விற்கும் பெரிய நிலையங்களோடு நின்றுவிடக் கூடாது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாநிலத்துக்குள் விற்கும் எல்லா நிலையங்களுக்கும், மின் உற்பத்திக் கழகத்தின் சொந்த நிலையங்கள் உட்பட, இதையே முழுமையாக எழுத வேண்டும். சொந்த நிலையம்தானே, ஒரு பையிலிருந்து மறு பைக்குத்தானே பணம் போகிறது என்று சொல்வார்கள். இரண்டு பைகளும் நிரம்புவது எங்கள் மின்கட்டணத்தில்.

காரணம் பதிவாகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2017 மார்ச் முதல் ஜூன் வரை சூரிய மின் நிலையங்களின் உற்பத்தி குறைக்கப்பட்டது. மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று மாநிலத் தரப்பு வாதிட்டது. தேசிய மின்கட்டமைப்பை இயக்கும் நிறுவனத்தின் ஆய்வைப் பார்த்த மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், பெரும்பகுதி பாதுகாப்புக்காக அல்ல, வணிகக் காரணத்துக்காகவே குறைக்கப்பட்டது என்று கண்டு, 2021 ஆகஸ்டில் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆண்டுக்கணக்கில் வழக்கு, வட்டியோடு இழப்பீடு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் உத்தரவு கொடுத்தவர் யார், காரணம் என்ன என்று அன்றைக்கே பதிந்து வெளியிட்டிருந்தால் இந்த வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

வெளியிட்டால் எந்த அலகு நிற்கிறது என்று தெரிந்துகொண்டு மின்சந்தையில் விலையை ஏற்றிவிடுவார்கள் என்பது எங்களிடம் சொல்லப்படும் முதல் ஆட்சேபம். மத்திய மின்சார ஆணையம் நின்றிருக்கும் பெரிய அலகுகளின் பட்டியலைக் காரணத்தோடு அன்றாடம் வெளியிட்டுத்தான் வருகிறது. வியாபாரிகளுக்குத் தெரியாத ரகசியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. இன்றைய பட்டியலில் 'ரிசர்வ் ஷட்டவுன்' என்ற ஒரே சொல்லில் வாங்குபவர் நிறுத்தியதும் விற்பவர் நிறுத்தியதும் கலந்துவிடாமல் பிரித்துக் காட்டுங்கள் என்கிறோம், அவ்வளவே. நிலக்கரியை ஒழிக்க வேண்டிய காலத்தில் அந்த அலகுகளைத் தயாராக வைக்கச் சொல்வதா என்ற கேள்வி, நாங்கள் மதிக்கும் சூழலியல் நண்பர்களிடமிருந்து வருகிறது. நம்பித் திரும்ப அழைக்கக்கூடிய அலகைத்தான் தைரியமாக நிறுத்த முடியும். திரும்பி வருமா என்று சந்தேகம் இருந்தால், மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மாநில பளு மையத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை நிறுத்தாமல் அரைப் பளுவில் புகையவிட்டுக் காற்றாலையைக் குறைக்கச் சொல்வார். உறுதியான நிறுத்த விதி காற்றுக்கும் வெயிலுக்கும் நன்மையே. குறைந்தபட்சப் பளுவை 40 விழுக்காட்டுக்கு இறக்கும் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே போதாதா என்பாரும் உண்டு. அது நிறுத்தங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும், ஆனால் நாற்பது ஆண்டு வயதான அலகுகளை அந்த அளவுக்கு இறக்கி ஓட்டுவதன் தேய்மானத்தை யாராவது கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இன்னோர் ஆட்சேபம் கனமானது: நட்டத்தில் ஓடும் ஒரு நிறுவனத்தை நிறுத்தாதே என்று கட்டாயப்படுத்த முடியுமா? முடியாது, கூடாது. ஜெர்மனி இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. அங்கே ஒரு நிலையத்தைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ நிறுத்த விரும்புபவர் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே மின்கடத்தல் நிறுவனத்துக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் அறிவிக்க வேண்டும். அந்த நிலையம் இல்லாமல் மின்கட்டமைப்பு தாங்காது என்று தெரிந்தால் அதைக் காப்பில் வைத்து, அதற்கான செலவை மட்டும் கொடுக்கிறார்கள்; சந்தையில் விற்று லாபம் பார்க்க விடுவதில்லை. பன்னிரண்டு மாதம் நமக்கு அதிகமாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்தப்போகும் எந்த அலகுக்கும் கோடைக்காலம் தொடங்கும் முன்பே அறிவிப்பும் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும் என்பது நியாயமான தொடக்கம். ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலைநாள்களைப் பற்றியும் அந்த ஒப்புதலில் ஒரு வரி இருக்கட்டும். அலகு நிற்கும்போது முதலில் வெளியே அனுப்பப்படுவது அவர்கள்தான்.

தயார்நிலைக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் தயார்நிலையைச் சோதிக்கும் உரிமையும் வேண்டும். நிறுத்தி வைத்த அலகை முன்னறிவிப்பின்றி ஏற்றச் சொல்லும் அதிகாரம் மாநில பளு மையத்துக்கு வேண்டும். சொன்ன நேரத்துக்குள் அலகு வராவிட்டால், அது நின்ற நாளிலிருந்தே நிலைக்கட்டணத்தைப் பிடிக்க வேண்டும். உற்பத்தியாளரின் முடிவால் நின்ற நாள்களுக்கு நிலைக்கட்டணமே கூடாது. மார்ச் முதல் மே வரை, மூன்று நாளுக்குள் திரும்ப முடியாத எந்த அலகையும் செலவைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. 2022 செப்டம்பரில் தொடங்கி மின்கட்டணம் பல முறை ஏறிவிட்டது. சிறுதொழில்களின் நிலைக்கட்டண உயர்வை எதிர்த்து 2023-இல் மாநிலம் முழுவதும் ஆலைகள் ஒருநாள் கதவடைத்தன. அடுத்த கட்டண மனுவைப் பரிசீலிக்கும் முன்பாக, கடந்த ஆண்டில் நின்ற அலகுகள், அவற்றை நிறுத்தியவர், அதற்குக் கொடுத்த நிலைக்கட்டணம் ஆகியவற்றை அலகு வாரியாக வெளியிடவும், தற்காலிக நிறுத்தத்துக்கான வரைவு விதியைத் தமிழில் அச்சிட்டுத் திருச்சியிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவும் ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.