ஜெர்மன் பாஷைப் பயிற்சி

ஆங்கிலம் ஒன்றைக் கற்றுவிட்டால் உலகம் முழுவதையும் கற்றதாகும் என்று நமது கலாசாலை வாலிபர்கள் எண்ணியிருப்பது நெடுநாளைய வழக்கம். மேனாட்டு அறிவு என்றால் ஆங்கிலேயர் அறிவு என்றே பொருள் கொண்டு பழகிவிட்டோம். ஒரே பலகணி வழியாகப் பார்ப்பவனுக்கு வீதியின் ஒரு பக்கமே தெரியும். இக்குறை நீங்க, மாணவர்கள் ஐரோப்பிய பாஷைகளில் இன்னும் ஒன்றையேனும் கற்க வேண்டும் என்பதும், அதற்கு ஜெர்மன் பெரிதும் ஏற்றது என்பதும் நமது அபிப்பிராயம்.

இது புதிய யோசனையன்று. கல்கத்தாவில் ஸத்யேந்திரநாத் போஸ், மேகநாத் ஸாஹா என்னும் இரு வாலிபர்கள் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஜெர்மன் மூலத்திலிருந்தே மொழிபெயர்த்தனர். 1920-இல் கல்கத்தா சர்வகலாசாலை அவற்றை நூலாக வெளியிட்டது. லண்டனிலிருந்து புஸ்தகம் வந்து சேரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1924-இல் போஸ் தமது சொந்த ஆராய்ச்சியை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் பெயர்த்துப் பிரசுரிக்கச் செய்தார். ஜாகிர் ஹுசேனும் ராம் மனோஹர் லோஹியாவும் டாக்டர் பட்டம் பெற்றது பெர்லினில். பிறர் ஆட்சியில் இருந்த காலத்திலேயே நம்மவர் ஆட்சியாளரின் வாசலைக் கடந்து வேறு வாசலையும் தட்டினார்கள் என்பதை இன்றைய மாணவர்கள் மறக்கலாகாது.

தமிழருக்கு இதில் தனிச் சிரத்தை இருக்க வேண்டும். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் நம் ஜனங்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி ஜெர்மன் பாஷையில் ஏராளமாக எழுதி அனுப்பினார்கள். அக்கடிதங்களும் தமிழ் ஏட்டுச்சுவடிகளும் இன்றும் ஹாலே நகரத்தில் இருக்கின்றன. கார்ல் கிரவுல் 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். நம் சரித்திரத்தின் ஒரு பகுதி அயல் பாஷையில் பூட்டிக் கிடக்கிறது. திறவுகோல் நம் கையில் இல்லாவிடில் பிறர் எடுத்துக் கொடுப்பதையே பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி ஜீவனோபாயத்தைக் கவனிப்போம். ஜெர்மனியில் தொழில் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது. இந்தியத் தொழில் நிபுணர்களுக்கு வருஷந்தோறும் வழங்கும் விசாக்களை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அத்தேசத்து அரசாங்கம் 2024 அக்டோபரில் அறிவித்தது. அங்குள்ள மாகாணங்களில் பெரும்பாலானவற்றில் அரசாங்க சர்வகலாசாலைகள் போதனைக் கட்டணம் வாங்குவதில்லை. வசிக்கும் செலவுக்குப் பணம் இருப்பதை மாணவர் காட்ட வேண்டும். இங்கேயே ஒரகடத்திலும் செங்கற்பட்டை அடுத்தும் ஜெர்மன் மோட்டார்த் தொழிற்சாலைகள் நடைபெறுகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியால் தோன்றியதே.

ஆனால், பாஷை தெரியாமலே போய்விடலாம் என்று ஆசை காட்டும் தரகர்களை நம்பி ஏமாற வேண்டாம். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் அங்கே உண்டு என்பது மெய். வகுப்பு முடிந்து வேலை தேடும்போதுதான் சங்கடம் தெரியும். பாஷைத் தேர்ச்சியை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக வகுத்திருக்கிறார்கள். நர்ஸு வேலைக்குப் பொதுவாக நான்காம் படியான பி2 வேண்டும். வைத்தியர்களோ தொழிற்பாஷையில் தனிப் பரீக்ஷையும் கொடுத்தாக வேண்டும். மொழிபெயர்க்க யந்திரம் இருக்கிறதே என்பார் சிலர். நள்ளிரவில் நோயாளி முனகும் சொல்லைப் புரிந்துகொண்டு ஆறுதல் கூற வேண்டியவள் நர்ஸு, யந்திரமன்று. கடன்பட்டு விமானம் ஏறிய பிறகு அரிச்சுவடி தொடங்குவதைவிட, கலாசாலையிலுள்ள மூன்று வருஷத்தில் இப்படிகளை ஏறிவிடுவது எவ்வளவோ மேல்.

தமிழை விட்டுவிட்டு ஜெர்மன் படியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மார்க்கு எளிதாகக் கிடைக்கும் என்று தாய்பாஷையைக் கைவிட்டு அயல் பாஷை எடுக்கும் வழக்கத்தை நாம் வெறுக்கிறோம். தமிழோடு கூட ஜெர்மன் என்பதே நமது வாதம். ஜெர்மானியர் சரித்திரமும் இதையே போதிக்கிறது. ஒரு காலத்தில் அவர்களுடைய சர்வகலாசாலைகளில் லத்தீனே அரசு செலுத்தியது. 1687-இல் லைப்ஸிக் நகரில் கிறிஸ்தியன் தொமாஸியுஸ் தாய்பாஷையிலே பிரசங்கம் செய்வதாக அறிவித்தபோது பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். பிற்காலத்தில் ரஸாயனமும் பௌதிகமும் கற்க விரும்பிய அயல் தேசத்தார் ஜெர்மன் பாஷையைத் தேடிச் சென்றார்கள்.

ஆகவே, கலாசாலை அதிகாரிகள் மாலை வேளைகளிலாவது தகுதியுள்ள ஆசிரியர்களைக் கொண்டு குறைந்த சம்பளத்தில் ஜெர்மன் வகுப்புகள் நடத்த முன்வர வேண்டும். பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகளுக்கு மாத்திரமின்றி ஜில்லாக் கலாசாலைகளில் பயிலும் ஏழை மாணவர்களுக்கும் இவ்வசதி கிடைக்க வேண்டும். கற்கும் வாலிபர்கள் அங்கிருந்து சம்பளத்தை மாத்திரம் கொண்டுவந்தால் போதாது. சாஸ்திரத்தைத் தாய்பாஷையில் வளர்த்த அந்த உறுதியையும் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டுக்கு அதுவே பெரிய லாபம்.