லாக் வீரர்களை எங்கே தேடுவது?



2025இல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை சென்னை புல்ஸ் வென்றதில் எங்கள் மலைப்பகுதி இளைஞர்களுக்கும் பெருமைதான். ஆனால் அது எழுவர் ஆட்டம். அதன் ஸ்க்ரமில், அதாவது இரு அணியினரும் கோத்து நின்று தள்ளும் மோதலில், அணிக்கு மூன்று பேர்தான். லாக் என்ற இடமே கிடையாது. ஒலிம்பிக்கிலும் எழுவர் ரக்பிதான் என்பதால் பணமும் கவனமும் அங்கே போகின்றன. பதினைவர் தேசிய அணிக்கு 4, 5ஆம் எண் சட்டை அணிபவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

லாக் வீரர் ஸ்க்ரமின் இரண்டாம் வரிசையில் நின்று முழு பலத்தோடு தள்ள வேண்டும். பந்து பக்கக் கோட்டைத் தாண்டியபின் உள்ளே எறியப்படும் லைன் அவுட்டில் தோழர்கள் தூக்கிவிட, உயரத்தில் பந்தைப் பிடிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் லாக் வீரர் எபென் எட்ஸெபெத் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். அத்தகைய உடல்வாகு நம்மிடம் அரிது. அதனால்தான் தேடல் முக்கியம். பிற விளையாட்டுகளிலும் தேட வேண்டும். 2025இல் பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிய லாக் வீரர் மாரோ இடோஜே, சிறுவயதில் குண்டு எறிதலிலும் சிறந்தவர்.

வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜைத் தந்த கேரளத்தில் உயரமாகத் தாவும் வாலிபால் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மாநில அணியில் இடம் கிடைக்காத பதினாறு, பதினேழு வயதினரை அழைத்துப் பாருங்கள். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து உடனே களமிறக்கக் கூடாது. கழுத்தும் முதுகும் உறுதிப்பட ஆண்டுகள் ஆகும். 19 வயதுக்குட்பட்டோர் ஸ்க்ரமில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ள விதியே அனுமதிப்பதில்லை.

இந்திய ரக்பி சங்கம் அடுத்த தேர்வு முகாமை மூணாறிலும் நடத்த வேண்டும்.

— வாசகர், சித்திரபுரம், இடுக்கி மாவட்டம்